வேகம், நேரம், தொலைவு: சூத்திரம் தெரிந்தும் கணக்குக்கு இரண்டு நிமிடம் ஆகிறது

திண்டுக்கல்_தேர்வர்:
வணக்கம் நண்பர்களே. ரயில்வே என்டிபிசிக்கும் (தொழில்நுட்பம் சாராத பணிகளுக்கான தேர்வு) எஸ்எஸ்சிக்கும் (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வு) சேர்த்துப் படிக்கிறேன். சதவீதம், லாபம் நட்டம், வட்டி எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது, இந்த வேகம், நேரம், தொலைவு மட்டும்தான் இழுக்கிறது. சூத்திரம் தெரியாமல் இல்லை, நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். கேள்வியைப் படித்ததும் அதில் எதைப் போடுவது என்று யோசிப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. எக்ஸ் என்று வைத்துச் சமன்பாடு எழுதினால் விடை வந்துவிடும், ஆனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது.

மாதிரித் தேர்வில் வந்த ஒரு கேள்வி: ஒருவர் மணிக்கு 40 கி.மீ வேகத்தில் போனால் அலுவலகத்துக்கு 10 நிமிடம் தாமதம், 50 கி.மீ வேகத்தில் போனால் 5 நிமிடம் முன்னதாகப் போய்விடுகிறார், தொலைவு எவ்வளவு? இதை எப்படி வேகமாகப் போடுவது?

காவிரிக்கரை:
இதற்கு நேரடிச் சூத்திரமே இருக்கிறது தம்பி. இரண்டு வேகத்தையும் பெருக்கி, அவற்றின் வித்தியாசத்தால் வகுத்து, நேர வித்தியாசத்தால் பெருக்க வேண்டும். 40 × 50 ÷ 10 = 200. நேர வித்தியாசம் 10 + 5 = 15 நிமிடம், அதாவது கால் மணி நேரம். 200-இல் கால் பங்கு 50 கி.மீ. முடிந்தது. ஒன்று தாமதம் இன்னொன்று முன்னதாக என்றால் நிமிடங்களைக் கூட்டணும், இரண்டுமே தாமதம் என்றால் கழிக்கணும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மாலைவகுப்பு:
காவிரிக்கரை சொன்ன விடை சரி, சூத்திரமும் சரி. ஆனால் தம்பியின் பிரச்சினையே சூத்திரம் அதிகமாக இருப்பதுதான், அதில் இன்னொன்றைச் சேர்த்தால் எப்படித் தீரும்? பல வருடமாக மாலை நேரத்தில் போட்டித் தேர்வுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன், இந்தத் தலைப்பில் திணறும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களிடம் நான் பார்ப்பது ஒரே விஷயம். கேள்வியைப் படித்தவுடன் "இது எந்த வகை" என்று தேடுகிறார்கள். தேட வேண்டியது வகையை இல்லை, மூன்றில் எது மாறாமல் இருக்கிறது என்பதைத்தான்.

இருப்பதே மூன்று அளவுகள். தொலைவு மாறவில்லை என்றால் வேகமும் நேரமும் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். நேரம் மாறவில்லை என்றால் வேக விகிதம்தான் தொலைவு விகிதம். வேகம் மாறவில்லை என்றால் நேர விகிதமும் தொலைவு விகிதமும் ஒன்று. அவ்வளவுதான் பாடம், மற்றதெல்லாம் இதன் பயிற்சி.

உங்கள் கேள்விக்கு வாருங்கள். வீட்டிலிருந்து அலுவலகம், தொலைவு மாறவில்லை. வேகம் 40 : 50, அதாவது 4 : 5. அப்போ நேரம் 5 : 4. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு பங்கு. 10 நிமிடம் பிந்தியும் 5 நிமிடம் முந்தியும் போகிறார் என்பதால் அந்த ஒரு பங்குதான் 15 நிமிடம். ஆகவே 40 கி.மீ வேகத்தில் போக 5 பங்கு, 75 நிமிடம். ஒன்றேகால் மணி நேரம் × 40 = 50 கி.மீ. சரிபார்க்க வேண்டுமா, 50 கி.மீ வேகத்தில் 4 பங்கு 60 நிமிடம், அதே 50 கி.மீ. எக்ஸும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். கூடவே அலுவலகம் எத்தனை நிமிடத்தில் போயிருக்க வேண்டும் என்று கேட்டாலும் (65 நிமிடம்) விடை கையிலேயே இருக்கிறது. சூத்திரத்தில் போட்டவர் அதற்கு மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

இதே முறையில் இன்னொன்று. வழக்கமான வேகத்தில் முக்கால் பங்கு வேகத்தில் போனதால் 20 நிமிடம் தாமதம், வழக்கமான நேரம் என்ன? வேகம் 3 : 4, நேரம் 4 : 3, ஒரு பங்கு 20, வழக்கமான நேரம் 3 பங்கு, 60 நிமிடம். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் விடை வரும்.

காவிரிக்கரை:
சார், முறை நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் தேர்வு அறையில் யோசிக்க நேரம் எங்கே இருக்கிறது? என்டிபிசி முதல் கட்டத் தேர்வு 90 நிமிடத்தில் 100 கேள்வி, ஒரு கேள்விக்கு 54 விநாடி. எஸ்எஸ்சி சிஜிஎல் (பட்டதாரி நிலைத் தேர்வு) முதல் கட்டம் 60 நிமிடத்தில் 100 கேள்வி, 36 விநாடிதான். தப்பாகப் போட்டால் மதிப்பெண்ணும் கழிப்பார்கள். அந்த நிலையில் எது மாறவில்லை என்று ஆராய்வதை விட மனப்பாடமாக இருக்கும் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு எடுப்பதுதான் பாதுகாப்பு. எங்கள் குழுவில் எல்லோரும் அப்படித்தான் போடுகிறோம்.

கீழவாசல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் ஒரு சந்தேகம். 60 கி.மீ தூரத்தை மணிக்கு 30 கி.மீ வேகத்திலும் அடுத்த 90 கி.மீ தூரத்தை மணிக்கு 45 கி.மீ வேகத்திலும் போனால் சராசரி வேகம் என்ன? சராசரி வேகச் சூத்திரம் (இரு வேகங்களின் பெருக்கல் × 2 ÷ கூட்டல்) போட்டால் 2700 ÷ 75 = 36 வருகிறது. விடைத்தாளில் 37.5 என்று இருக்கிறது. விடைகளில் 36-உம் இருந்தது. விடைத்தாள் தப்பா?

மாலைவகுப்பு:
காவிரிக்கரைக்குச் சொல்ல நினைத்த பதில் கீழவாசல் கேள்வியிலேயே இருக்கிறது. விடைத்தாள் சரிதான். முதல் பகுதி 60 ÷ 30 = 2 மணி, இரண்டாம் பகுதி 90 ÷ 45 = 2 மணி. மொத்தம் 150 கி.மீ, 4 மணி நேரம், 37.5. நீங்கள் போட்ட சூத்திரம் இரண்டு பகுதியும் ஒரே தொலைவாக இருந்தால் மட்டும் பொருந்தும். இங்கே ஒன்றாக இருப்பது தொலைவு இல்லை, நேரம். நேரம் சமமாக இருந்தால் சாதாரண சராசரியே போதும், 30-உம் 45-உம் கூட்டிப் பாதி, அதே 37.5.

36 என்ற விடை அங்கே தற்செயலாக வந்து உட்காரவில்லை. கேள்வி எடுப்பவருக்கு நாம் எந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்திருக்கிறோம் என்று நன்றாகத் தெரியும், அதைத் தவறான இடத்தில் போட்டால் என்ன எண் வருமோ அதை ஒரு விடையாக வைத்துவிடுவார். 54 விநாடியில் தவறான சூத்திரத்தைப் போட்டு, விடையும் கண்ணெதிரே இருப்பதைப் பார்த்துத் திருப்தியாக அடுத்த கேள்விக்குப் போவதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

சராசரி வேகத்துக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மொத்தத் தொலைவு ÷ மொத்த நேரம். போகும்போது 40, வரும்போது 60 என்று மட்டும் கொடுத்துத் தொலைவைச் சொல்லவில்லை என்றால் மீ.சி.ம எடுத்து 120 கி.மீ என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 3 மணி + 2 மணி = 5 மணி, 240 ÷ 5 = 48. மூன்று சம பகுதிகள், 20, 30, 60 என்று வந்தால்? பகுதிக்கு 60 கி.மீ வையுங்கள். 3 + 2 + 1 = 6 மணி, 180 ÷ 6 = 30. மூன்று வேகத்துக்குத் தனிச் சூத்திரம் ஒன்று இருக்கிறது, அதை நான் வகுப்பில் எழுதுவதே இல்லை.

கீழவாசல்:
இப்போது புரிந்தது சார். நன்றி.

சிக்னல்விளக்கு:
ரயில்வேயில் வேலை பார்க்கிறேன், இதே தேர்வு எழுதித்தான் உள்ளே வந்தேன். ரயில் கணக்கில் எனக்கு உதவியதைச் சொல்கிறேன்.

முதலில் அலகு. மணிக்கு கி.மீ-ஐ விநாடிக்கு மீட்டராக மாற்ற 5/18-ஆல் பெருக்கு என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒவ்வொரு கணக்கிலும் உட்கார்ந்து பெருக்கக் கூடாது. 18 என்றால் 5. 36 என்றால் 10, 54 என்றால் 15, 72 என்றால் 20, 90 என்றால் 25, 108 என்றால் 30. ரயில் கணக்குகளில் பெரும்பாலும் இவைதான் திரும்பத் திரும்ப வரும், வாய்ப்பாடு மாதிரி வர வேண்டும். மனப்பாடம் செய்ய வேண்டும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்து நீளம். கம்பத்தையோ நிற்கும் ஆளையோ கடந்தால் ரயில் தன் நீளத்தை மட்டும் ஓடினால் போதும். நடைமேடை, பாலம், குகை என்றால் ரயில் நீளமும் சேரும், ஏனென்றால் கடைசிப் பெட்டி வெளியே வந்தால்தான் கடந்ததாகக் கணக்கு. பாம்பன் புதுப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 2025 ஏப்ரலில் திறந்தார்களே, அது சுமார் 2.08 கி.மீ நீளம், அதாவது 2080 மீட்டர். எல்ஹெச்பி என்ற புது வகைப் பெட்டி ஒன்று ஏறத்தாழ 24 மீட்டர், 21 பெட்டியும் இன்ஜினும் சேர்ந்த ரயிலைக் கணக்குக்கு 520 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கி.மீ வேகத்தில் போனால் விநாடிக்கு 10 மீட்டர். 2080 + 520 = 2600 மீட்டர், 260 விநாடி, 4 நிமிடம் 20 விநாடி. பாலத்தை மட்டும் எடுத்தால் 208 விநாடி, அதுவும் விடைகளில் ஒன்றாக இருக்கும். ரயில் முழுதாக வெளியே வர மேலும் 52 விநாடி வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த இடத்தில் தப்பு வராது.

இன்னும் ஒரு வகை: ரயில் ஒரு கம்பத்தை 12 விநாடியிலும் 180 மீட்டர் நடைமேடையை 21 விநாடியிலும் கடக்கிறது, ரயில் நீளம் என்ன? இரண்டு சமன்பாடு எழுதாதீர்கள். கம்பத்துக்கு ஆனதை விட நடைமேடைக்கு 9 விநாடி அதிகம். அந்த 9 விநாடி எதற்கு? நடைமேடையின் 180 மீட்டருக்கு. வேகம் விநாடிக்கு 20 மீட்டர், ரயில் நீளம் 12 × 20 = 240. முடிந்தது.

நிற்கும் நேரக் கணக்கும் இப்படித்தான். நிற்காமல் போனால் மணிக்கு 60, நின்று போனால் 50 என்றால் ஒரு மணி நேரத்தில் 10 கி.மீ குறைகிறது, அந்த 10 கி.மீ-ஐ 60 வேகத்தில் போக 10 நிமிடம், அதுதான் ஒரு மணி நேரத்தில் நின்ற நேரம். நிஜத்திலும் பார்க்கலாம். சென்னை கோவை வந்தே பாரத் ஏறத்தாழ 495 கி.மீ தூரத்தை 5 மணி 50 நிமிடத்தில் போகிறது, சராசரி சுமார் 85. ஓடும்போது வண்டி அதை விட எவ்வளவோ வேகமாகப் போகும், நிறுத்தங்களிலும் வேகக் கட்டுப்பாட்டிலும்தான் குறைகிறது. ஊருக்குப் போகும்போது கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே சராசரி வேகம் போட்டுப் பாருங்கள், நல்ல பயிற்சி.

இரவுப்படிப்பு:
வேலை, குழந்தை எல்லாம் முடித்து இரவில்தான் படிக்க முடிகிறது, அதனால் இந்த மாதிரி விளக்கம் கிடைத்தால் எனக்கு நேரம் மிச்சம். சிக்னல்விளக்கு அண்ணா, இரண்டு ரயில் எதிரெதிரே வரும் கணக்கில் "ரயிலில் உட்கார்ந்திருக்கும் பயணியைக் கடக்க" என்று வந்தால் எந்த நீளத்தை எடுப்பது? சில இடங்களில் இரண்டையும் கூட்டுகிறார்கள், சில இடங்களில் ஒன்றை மட்டும் எடுக்கிறார்கள்.

சிக்னல்விளக்கு:
நல்ல கேள்வி அக்கா. ஜன்னலோரம் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரே வரும் ரயிலின் இன்ஜின் உங்கள் ஜன்னலைத் தொட்டதிலிருந்து அதன் கடைசிப் பெட்டி உங்கள் ஜன்னலைத் தாண்டும் வரைதான் கணக்கு. உங்கள் ரயில் எத்தனை நீளமாக இருந்தால் உங்களுக்கென்ன? எதிர் ரயிலின் நீளம் மட்டும்தான்.

எண்ணோடு பாருங்கள். முதல் ரயில் 150 மீட்டர், வேகம் 54. இரண்டாம் ரயில் 210 மீட்டர், வேகம் 36. எதிரெதிரே வருவதால் வேகம் கூடும், 90, விநாடிக்கு 25 மீட்டர். இரண்டு ரயிலும் ஒன்றையொன்று முழுதாகக் கடக்க 360 ÷ 25 = 14.4 விநாடி. முதல் ரயிலில் இருப்பவர் இரண்டாம் ரயிலைப் பார்த்தால் 210 ÷ 25 = 8.4 விநாடி. இரண்டாம் ரயிலில் இருப்பவருக்கு 150 ÷ 25 = 6 விநாடி. ஒரே திசையில் போனால் வேக வித்தியாசம் 18, விநாடிக்கு 5 மீட்டர், முழுதாகக் கடக்க 72 விநாடி. ஒரே கேள்வியிலிருந்து நான்கு விடை, நான்கையும் விடைகளாக வைப்பார்கள். யார் யாரைக் கடக்கிறார் என்ற வரியை அடிக்கோடு போடுகிற மாதிரி படியுங்கள்.

திருடன் போலீஸ் கணக்கும் இதேதான். திருடன் 200 மீட்டர் முன்னால், வேகம் 10. போலீஸ் 12. இடைவெளி மணிக்கு 2 கி.மீ வீதம் குறைகிறது, 0.2 கி.மீ குறைய 6 நிமிடம். அதற்குள் திருடன் 1 கி.மீ ஓடியிருப்பான்.

திண்டுக்கல்_தேர்வர்:
எல்லோருக்கும் நன்றி. மாலைவகுப்பு சார், பழைய கணக்குகளை எடுத்து எது மாறவில்லை என்று மட்டும் பக்கத்தில் எழுதிக்கொண்டே வருகிறேன், முன்னால் வேறு வேறு என்று நினைத்த பல கணக்குகள் ஒன்றாகத் தெரிகின்றன. ஆனால் இதில் மட்டும் எனக்கு மாறாத அளவு கிடைக்கவில்லை: இரண்டு ரயில்கள் இரண்டு ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் எதிரெதிரே கிளம்புகின்றன. சந்தித்த பிறகு, போய்ச் சேர வேண்டிய ஊரை அடைய ஒன்றுக்கு 9 மணி நேரம், மற்றதுக்கு 16 மணி நேரம். வேக விகிதம் என்ன? வர்க்கமூலம் எடுத்துத் தலைகீழாக எழுது என்று நோட்டில் இருக்கிறது, 4 : 3. ஏன் வர்க்கமூலம்?

மாலைவகுப்பு:
இதில் மாறாத தொலைவு இரண்டு இருக்கிறது, அதனால்தான் பிடிபடவில்லை. சந்தித்த இடத்தை நடுவில் ஒரு புள்ளியாக வையுங்கள். அந்தப் புள்ளியின் வலதுபக்கத் தொலைவை இரண்டாம் ரயில் சந்திப்புக்கு முன் ஓடியது, முதல் ரயில் சந்திப்புக்குப் பின் ஓடியது. இடதுபக்கத் தொலைவு அப்படியே மாற்றி. சந்திக்க ஆன நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான், அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வலதுபக்கம்: முதல் ரயிலுக்கு 9 மணி, இரண்டாம் ரயிலுக்குச் சந்திப்பு நேரம். ஆகவே வேக விகிதம் சந்திப்பு நேரம் : 9. இடதுபக்கம்: முதல் ரயிலுக்குச் சந்திப்பு நேரம், இரண்டாம் ரயிலுக்கு 16. வேக விகிதம் 16 : சந்திப்பு நேரம். இரண்டும் ஒரே விகிதம் என்பதால் சந்திப்பு நேரத்தின் வர்க்கம் 9 × 16 = 144. சந்திப்பு நேரம் 12 மணி, வேக விகிதம் 12 : 9, அதாவது 4 : 3. வர்க்கமூலம் வந்த வழி இதுதான். இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்த வர்க்கமூலச் சுருக்கத்தைத் தாராளமாகத் தேர்வில் பயன்படுத்துங்கள், எனக்கு ஆட்சேபமே இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரிந்த சுருக்கம் தேர்வறையில் குழப்பாது. ஒரே நேரத்தில் கிளம்பவில்லை என்று கேள்வியை மாற்றினால் அது செல்லாது என்பதும் உங்களுக்குத் தானாகத் தெரியும்.

இரவுப்படிப்பு:
ஒரு கேள்வி, நான் டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்கும் எழுதுகிறேன். அதற்கு இது வேண்டுமா?

மாலைவகுப்பு:
குரூப் 4-இல் 200 கேள்வி, 3 மணி நேரம், அதில் 25 கேள்வி திறனறிவு. அங்கேயும் கணக்குப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 54 விநாடிதான், ஆனால் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பு இல்லை. பாடத்திட்டத்தில் விகிதமும், காலமும் வேலையும் இருக்கின்றன. இங்கே பேசியது அப்படியே அதற்கும் பொருந்தும் அம்மா. தொலைவு இருக்கும் இடத்தில் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள், வேகம் இருக்கும் இடத்தில் ஒரு நாளில் முடிக்கும் அளவு. ஒருவரின் திறன் இன்னொருவரைப் போல ஒன்றரை மடங்கு என்றால் திறன் 3 : 2, நாள்கள் 2 : 3. அவர் 10 நாள் குறைவாக எடுக்கிறார் என்றால் ஒரு பங்கு 10, ஒருவருக்கு 20 நாள், மற்றவருக்கு 30 நாள். தாமதக் கணக்கில் போட்ட அதே வரிகள்தான்.

காவிரிக்கரை:
சரி சார், சராசரி வேக உதாரணத்தைப் பார்த்த பிறகு நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஒரு இடத்தில் விகிதமும் உடனே உதவாது, அங்கே விடைகளிலிருந்து போவதுதான் வேகம். 300 கி.மீ பயணம், வேகத்தை மணிக்கு 5 கி.மீ கூட்டியிருந்தால் 2 மணி நேரம் முன்னதாகப் போயிருக்கலாம், வேகம் என்ன? சமன்பாடு எழுதினால் இருபடிச் சமன்பாடு வரும், 36 விநாடியில் முடியாது. விடைகள் 20, 25, 30, 40 என்று இருக்கட்டும். பொதுவாக இப்படிப்பட்ட கேள்விகளில் நேரம் முழு எண்ணாக வரும்படிதான் எண்களை அமைப்பார்கள், அதனால் 300-ஐ மீதியின்றி வகுக்கும், 5 கூட்டினாலும் வகுக்கும் எண்ணை முதலில் பாருங்கள். 25-க்கு 12 மணி, 30-க்கு 10 மணி, வித்தியாசம் 2. விடை 25. 20-ஐப் பார்த்தால் 15 மணி, 25-க்கு 12 மணி, வித்தியாசம் 3, அது இல்லை.

மாலைவகுப்பு:
இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். இங்கே வேகத்தின் விகிதமே தெரியாது, வித்தியாசம் மட்டும் தெரியும். அந்த மாதிரி இடத்தில் விடைகளை வைத்துப் போவதுதான் சரி. சமன்பாடு எழுதி விடை கண்டுபிடித்தால்தான் கணக்குத் தெரிந்ததாக அர்த்தம் என்று நினைத்து நேரத்தை விடுகிற நல்ல மாணவர்களை நிறையப் பார்க்கிறேன், அது வருத்தமாக இருக்கும்.

கீழவாசல்:
வட்டப் பாதையும் படகும் மட்டும் யாரும் தொடவில்லை. 400 மீட்டர் வட்டப் பாதையில் இருவர் ஒரே இடத்திலிருந்து விநாடிக்கு 5 மீட்டர், 3 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார்கள். முதல் முறை எப்போது சந்திப்பார்கள், தொடங்கிய இடத்தில் எப்போது சந்திப்பார்கள்? இந்த இரண்டு கேள்வியும் எனக்கு ஒன்று மாதிரியே தெரிகிறது.

சிக்னல்விளக்கு:
இரண்டும் வேறு. முதல் சந்திப்பு எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். ஒரே திசை என்றால் வேகமானவர் ஒரு முழுச் சுற்று, 400 மீட்டர், கூடுதலாக ஓடிப் பிடிக்க வேண்டும். விநாடிக்கு 2 மீட்டர் கூடுகிறது, 200 விநாடி. எதிர்த்திசை என்றால் இருவரும் சேர்ந்து 400 மீட்டரை முடித்தால் போதும், 8 மீட்டர் வீதம் 50 விநாடி.

தொடங்கிய இடத்தில் சந்திக்க இருவரும் முழுச் சுற்றுகளை முடித்திருக்க வேண்டும். ஒருவருக்குச் சுற்றுக்கு 80 விநாடி, மற்றவருக்கு 400/3 விநாடி. 400 விநாடியில் முதலாமவர் 5 சுற்று, இரண்டாமவர் 3 சுற்று. விடை 400. எந்தத் திசையில் ஓடினாலும் இது மாறாது, மாறுவது முதல் சந்திப்பு மட்டும்தான்.

படகு சுலபம். நீரோட்டத்தோடு 24 கி.மீ போக 3 மணி, எதிர்த்துத் திரும்ப 6 மணி. வேகம் 8, 4. கூட்டிப் பாதி படகின் வேகம் 6, கழித்துப் பாதி நீரோட்டம் 2. போய் வந்த சராசரி வேகம் என்று கேட்டால் மட்டும் 6 என்று போட்டுவிடாதீர்கள், மொத்தம் 48 கி.மீ, 9 மணி நேரம், ஐந்தே கால் சொச்சம்தான் வரும்.